ஸ்லீப்பர் கட்டைக்கு எதைப் பூசலாம்: எண்ணெயா, தாரா, பெயின்டா?

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் மரக்கட்டை, அதாவது ஸ்லீப்பர் கட்டை, வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்து, வெடித்து, ஓரம் உதிர ஆரம்பித்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, மேலே ஏதாவது ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் என்ன என்பதுதான். அடிக்கலாம். ஆனால் எதை அடிப்பது என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கட்டை, அதில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு கட்டைக்கு ஆயுளைக் கூட்டும் அதே டப்பா பக்கத்துக் கட்டையை உள்ளுக்குள் உளுத்துப்போக வைத்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே கெட்டிப் படலமாக உட்காரும் எதையும், அது பெயின்டோ வார்னிஷோ எபாக்ஸியோ (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் செயற்கைப் பிசின்) தடித்த தாரோ, வெளியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையின் நீள முகங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். உள்ளே ஊறும் எண்ணெய் வகையும், முனைகளிலும் ஓட்டைகளிலும் தனியாக ஊற்றும் பூஞ்சைக்கொல்லியும்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்பவை. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் எது ஆபத்து, எது வெறும் தோற்றம் என்று பிரித்துக்கொள்வோம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலில் உள்ள லிக்னினைச் சிதைக்கிறது. நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த லிக்னின்தான். அது சிதைந்ததும் மழை கழுவிக்கொண்டு போய்விடும், மிச்சமிருக்கும் செல்லுலோஸ் நார் சாம்பல் நிறத்தில் தெரியும். பார்த்தால் கட்டையின் கதை முடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தேய்மானம் பைன் மாதிரியான மென்மரத்திலேயே நூறு வருஷத்துக்குச் சுமார் 6 மி.மீ. அளவுதான். 5 அங்குலம், 7 அங்குலம் கனமுள்ள கட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிறம் போனதற்காக மட்டும் பூச்சு அடிப்பது அழகுக்கான செலவு. தாராளமாகச் செய்யலாம், கட்டையின் ஆயுளுக்காகச் செய்கிறோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆயுளைத் தீர்மானிப்பது ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை உளுக்க வைக்கும் பூஞ்சை வளராது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி, காயவும் வழியில்லாமல் கிடந்தால் பூஞ்சைக்குத் தேவையான எல்லாமே கிடைத்துவிடும். எந்தப் பூச்சு தண்ணீரைத் தடுக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள், சரி, அதோடு சேர்த்து உள்ளே போய்விட்ட தண்ணீரை எந்தப் பூச்சு வெளியே விடும் என்றும் கேட்டாக வேண்டும். ஸ்லீப்பர் கட்டையைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் பெரிசு, காரணம் தண்ணீர் எப்படியும் உள்ளே போகத்தான் போகிறது.

எப்படிப் போகிறது? வெடிப்பு வழியாக. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்கும் அளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடு மையத்தை உள்ளே வைத்து அறுத்த கனமான கட்டையில் இந்த வித்தியாசத்துக்கு ஈடுகொடுக்க வேறு வழியே கிடையாது, மேலிருந்து மையத்தை நோக்கி ஒரு வெடிப்பு விட்டே தீரும். அதோடு மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்க, அடிப்பக்கம் மண்ணிலோ ஜல்லியிலோ ஈரமாகவே இருக்க, அந்த இழுபறியில் வெடிப்பு இன்னும் அகலமாகும். மழை பெய்தால் அதுவே வாய்க்கால். தூசி, இலை, மணல் எல்லாம் அதில் இறங்கி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பழைய கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். சுற்றிலும் ஓரிரு அங்குலத்துக்கு மருந்து ஊறிய கறுப்பு வளையம், ரம்பத்தைத் திணறடிக்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அதற்கு உள்ளே மரம் பழுப்பாகி, நெடுக்கும் குறுக்குமாகக் கோடு விழுந்து, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகக் கொட்டும். மேலிருந்து அந்தப் பழுப்பு வரைக்கும் நேராக இறங்கும் வெடிப்பு, அறுத்த முகத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். வெளியே நன்றாக இருக்கும் கட்டை உள்ளே காலியாவது இப்படித்தான். இந்தக் கட்டைக்கு வெளியே எத்தனை கோட் அடித்திருந்தாலும் அந்த வெடிப்பைத் தாண்டி அது எதையும் செய்திருக்காது.

வெடிப்பு போக இன்னும் இரண்டு வாசல் உண்டு. ஒன்று கட்டையின் இரண்டு முனைகள். மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் முனை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும் வேகத்துக்குப் பக்கவாட்டு முகங்கள் அருகில்கூட வர முடியாது. இன்னொன்று, தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணிகளின் ஓட்டை. பூச்சு அடிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மேல்முகத்துக்கு இரண்டு கோட் போட்டுவிட்டு, மண்ணுக்குள் மறைகிற முனையை விட்டுவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி, உங்களிடம் இருப்பது எந்தக் கட்டை? இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது. கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ இருந்து, வெயில் ஏறினால் தார் வாடை அடித்து, சில இடங்களில் பிசுபிசுவென்று கசிந்தால் அது கிரியோசோட் ஏற்றிய ரயில் கட்டை. கிரியோசோட் என்பது நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெய். இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838-ல் காப்புரிமை பெற்ற முறையில், கட்டையை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து இந்த எண்ணெயை உள்ளே ஏற்றுவார்கள். இப்படி ஏற்றிய கட்டையில் ஒரு கனமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல்கூட எண்ணெய் நிற்கும். இரண்டாவது வகை, பச்சைச் சாயல் தெரியும் மென்மரக் கட்டை. தாமிரம் கலந்த மருந்தைத் தண்ணீரில் கரைத்து அழுத்தத்தில் ஏற்றியது, தோட்ட வேலைக்கென்றே 'ஸ்லீப்பர்' என்ற பெயரில் புதிதாக விற்பது பெரும்பாலும் இதுதான். பழையதாக இருந்தால் அதில் ஆர்சனிக் சேர்ந்த மருந்தாகவும் இருக்கலாம், அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது, மருந்தே ஏற்றாத வன்மரம்: ஓக், ஜாரா, சால், தேக்கு மாதிரி. இவற்றில் வைரம் பாய்ந்த பகுதி தானாகவே தாக்குப்பிடிக்கும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதிதான் முதலில் இற்றுப்போகும்.

சரி, டப்பாக்களுக்கு வருவோம்.

பெயின்ட். கிரியோசோட் கட்டையில் பெயின்ட் ஒட்டவே ஒட்டாது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கோட் காய்வதற்குள் உள்ளேயிருந்து பழுப்புக் கறை மேலே வந்துவிடும், இரண்டாவது கோட்டிலும் அதே கதை, வெயில் சூடேறும்போது எண்ணெய் கசிந்து படலத்தைத் தூக்கிவிடும். மருந்து ஏற்றாத கட்டையில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், முதல் வருஷம் அருமையாகவும் இருக்கும். அப்புறம் கட்டை ஒரு சுற்று நனைந்து காயும், புதிதாக ஒரு வெடிப்பு விடும், பெயின்ட் அந்த இடத்தில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போகும் தண்ணீர் நல்ல பெயின்ட் இருக்கும் மற்ற இடங்கள் வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். ஜன்னல் சட்டத்துக்கும் வேலிப் பலகைக்கும் பெயின்ட் நல்லதுதான், அவை மெல்லிசானவை, மண்ணைத் தொடாதவை. ஒரு முகம் எப்போதும் மண்ணில் புதைந்திருக்கும் கனத்த கட்டைக்கு அது சரிப்படாது.

நிறமில்லாத வார்னிஷும் பாலியூரிதேனும் இதைவிட மோசம். படலம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் வெயில் அதன் வழியே போய் அடியில் இருக்கும் லிக்னினைச் சிதைக்கும், வார்னிஷ் பிடித்துக்கொண்டிருந்த மேல்தோலே கழன்றுவிடும், பட்டை பட்டையாக உரியும். உரிந்ததைச் சுரண்டி எடுக்காமல் மறு கோட் அடிக்க முடியாது. சொரசொரப்பான கட்டையில் வார்னிஷைச் சுரண்டுவது என்பது யாருக்கும் வரக்கூடாத வேலை.

எபாக்ஸியை நிறையப் பேர் கடைசி ஆயுதமாக நினைக்கிறார்கள். பிடிப்பு பிரமாதம், கெட்டித்தன்மையும் பிரமாதம், ஆனால் வெயிலில் நாளாக ஆகச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியும், மரம் விரிந்து சுருங்கும்போது கூடவே வளைந்துகொடுக்காது. ஆணி ஓட்டையை அடைக்க வேண்டுமானால் கதை வேறு. ரயில் பாதைகளிலேயே பழைய ஆணி ஓட்டைகளில் இரண்டு பாகமாகக் கலந்து ஊற்றும் பாலியூரிதேன் கலவையைப் போட்டு, அது இறுகியதும் மறுபடி ஆணி அடிக்கிறார்கள். அந்த மாதிரி அடைப்பு வேலைக்கு ரெசின் வகை சரி, கட்டை முழுக்கப் பூச வேண்டாம்.

தாரும் பிட்டுமன் எமல்ஷனும் (பெட்ரோலியத் தாரைத் தண்ணீரோடு கலந்த கறுப்புக் குழம்பு) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவாகக் கிடைப்பதாலும் நிறம் பொருந்துவதாலும் பலர் கை முதலில் போவது அங்கேதான். தண்ணீரைத் தடுப்பதில் பிட்டுமனுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என்னவென்றால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் அது அதே அளவுக்கு அடைத்துவிடுகிறது. மேல்முகத்தில் பூசினால் கறுப்பு நிறம் வெயிலை இழுத்துச் சூடேறி இளகும், செருப்பில் ஒட்டும், வருஷம் போகப் போக வெயிலிலேயே காய்ந்து நொறுங்கி வலைப்பின்னலாக வெடிக்கும். மேலே மூடி, கீழே மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டை காய்வதற்கு நேரமே கிடையாது. ஆனால் முனைகளுக்கு மட்டும் பிட்டுமன் பூசுவது நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு: முதலில் பூஞ்சைக்கொல்லியைக் குடிக்க விட வேண்டும், அது நன்றாகக் காய்ந்த பிறகு பிட்டுமனால் மூட வேண்டும். முனை வழியாக உறிஞ்சுவது நின்றுவிடும், கட்டையின் நான்கு நீள முகங்களும் திறந்திருப்பதால் ஈரம் வெளியேறவும் வழி இருக்கும். மண்ணை அணைத்து நிற்கும் தடுப்புச்சுவர்க் கட்டை என்றால், அதன் முதுகில் தார் பூசுவதைவிட முதுகுக்கும் மண்ணுக்கும் நடுவே ஜல்லி நிரப்பி, அடியில் தண்ணீர் வெளியேற வழி வைப்பது பல மடங்கு பலன் தரும்.

கிரியோசோட்டையே வாங்கி மறுபடி பிரஷ்ஷால் அடிக்கலாமே என்று தோன்றும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று, உருளையில் அழுத்தம் கொடுத்து ஏற்றுவதற்கும் பிரஷ்ஷால் தடவுவதற்கும் சம்பந்தமே கிடையாது, பக்கவாட்டு முகத்தில் சில மில்லிமீட்டர் ஊறினாலே அதிகம். இரண்டாவது, அது உடம்புக்கு ஆகாத சரக்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கிரியோசோட்டை மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கச் சாத்தியம் அதிகமுள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில், வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் கொண்டுவந்த விதியின்படி பொதுமக்களுக்கு அதை விற்கத் தடை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு உபயோகத்துக்கு அதை அனுமதிப்பதில்லை, தோட்டத்து வரப்புக் கட்டையும் அதில் அடக்கம். தோலில் பட்டு வெயிலும் பட்டால் எரிச்சல் தாங்காது என்பதைக் கையுறை இல்லாமல் வேலை செய்த யாரும் சொல்வார்கள்.

பழைய இன்ஜின் ஆயில், டீசல் கலந்த ஆயில் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, அவ்வளவு பேர் செய்கிறார்கள். பூசிய அன்று கட்டை புதுக்கறுப்பாக மின்னும். பூஞ்சையைக் கொல்லும் மருந்து அதில் எதுவும் கிடையாது, என்ஜினில் தேய்ந்த உலோகத் துகள் உண்டு, எண்ணெய் காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கும். செலவு இல்லை என்பது அதற்கு இருக்கும் ஒரே நல்ல குணம், அந்தச் செலவை மண்ணும் கிணறும் ஏற்கிறது.

இப்போது ஊறும் வகைகள். ஆளிவிதை எண்ணெய் பழைய முறை. காய்ச்சாத எண்ணெய் காய ரொம்ப நாள் எடுக்கும், காய்வதற்குள் பூசணத்துக்கு அதுவே சாப்பாடாகிவிடும், ஈரமான இடத்தில் கட்டை கறுத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். 'காய்ச்சியது' என்று விற்கும் எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்பு கலந்திருக்கும், அது பரவாயில்லை. தனியாகப் பூசினால் ஆளிவிதை எண்ணெயை நான் சுமார் என்றுதான் சொல்வேன், பூஞ்சைக்கொல்லியும் நிறமியும் சேர்ந்தால்தான் அது வெளியில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இது பயமுறுத்தச் சொல்வது இல்லை, உண்மையிலேயே பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பைன் மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் புகைமூட்டம் போட்டு எடுக்கும் பைன் தாரை நிலக்கரித் தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேறு வேறு. நார்வேயின் போர்குண்ட் மரத் தேவாலயம் 1180-ஐ ஒட்டி வெட்டிய மரத்தால் கட்டியது, இன்றைக்கும் நிற்கிறது, அந்த மாதிரித் தேவாலயங்களின் வெளிப்புறத்துக்கு விடாமல் பூசிவந்தது இந்தத் தார்தான். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து இளக்கிச் சூடாகப் பூசினால் நன்றாக ஊறும், ஈரத்தை வெளியே விடும், மறுகோட் அடிக்கச் சுரண்டவும் தேவையில்லை. ஆனால் அந்தத் தேவாலயங்கள் நிற்பதற்குத் தார் மட்டும் காரணம் கிடையாது. மரத்தைக் கல் மேடையில் தூக்கி வைத்திருக்கிறார்கள், கூரை சரிவாக இருக்கிறது, மண்ணைத் தொட விடவில்லை. கடும் வெயில் அடிக்கும் இடத்தில் பைன் தார் இளகி ஒட்டும் என்பதால், உட்காரும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் இது ஆகாது.

எனக்குப் பிடித்தது நிறமி கலந்த, ஊறும் எண்ணெய் ஸ்டெயின். படலம் போடாததால் உரிவதற்கு எதுவும் இல்லை. நிறமி வெயிலைத் தடுக்கும், அதோடு பெரும்பாலும் பூசணத்தடுப்பு மருந்தும் கொஞ்சம் மெழுகும் கலந்திருக்கும். வழவழப்பாக இழைத்த பலகையில் இது இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும், ரம்பத்தில் அறுத்தபடியே சொரசொரப்பாக இருக்கும் முகம் அதிகம் குடிக்கும் என்பதால் அதில் அதற்கு மேலும் தாங்கும். ஸ்லீப்பர் கட்டையின் சொரசொரப்பு இங்கே நமக்குச் சாதகம், அதைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குடிக்கும் வரை கொடுங்கள், அரை மணி கழித்து மேலே பளபளவென்று நிற்பதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அந்த இடத்தில் அதுவும் படலமாகி உரியத்தான் செய்யும்.

அடுத்தது காப்பர் நாப்தினேட். இதைத்தான் முனைகளுக்கும் ஓட்டைகளுக்கும் பூஞ்சைக்கொல்லி என்று மேலே சொன்னேன். எண்ணெயில் கரைந்த தாமிர மருந்து, பூசியதும் பச்சையாக இருக்கும், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், வாடை சில வாரம் போகாது. மருந்து ஏற்றிய மரத்தை வேலையிடத்தில் அறுக்கும்போதும் துளையிடும்போதும் திறந்துவிடும் புதுமுகத்துக்குப் போடுவதற்கென்றே இருப்பது இது, 2 சதவீதம் தாமிரம் உள்ள கரைசல் என்றால் நல்லது. மழையில் கரைந்து போகாது. பிரஷ்ஷால் பூசும் வகைகளில் உண்மையிலேயே உளுப்பை நிறுத்தும் சரக்கு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பச்சை நிறம் பிடிக்கவில்லை என்றால் முனையோடு நிறுத்திக்கொள்ளலாம், முனைதானே முக்கியம்.

போரேட்டை ஒரு பூச்சு என்று சொல்ல முடியாது, ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடம் உண்டு. தண்ணீரில் கரையும் போரான் உப்பு, மரம் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தின் வழியே தானாக உள்ளே பரவிக்கொண்டே போகும், வெளியிலிருந்து பூசும் எந்த எண்ணெயாலும் முடியாத காரியம் இது. பூஞ்சையையும் கரையானையும் சேர்த்தே நிறுத்தும். கெட்ட குணம், எந்த ஈரத்தில் உள்ளே போகிறதோ அதே ஈரத்தில் வெளியேயும் போய்விடும், திறந்த வெளியில் மழை கழுவிக்கொண்டு போய்விடும். இதற்கு அமெரிக்க ரயில் நிறுவனங்கள் கண்ட வழி அழகானது: உளுப்பும் கரையானும் அதிகமுள்ள ஈரமான பகுதிகளுக்குப் போகும் கட்டைகளுக்கு முதலில் போரேட், அது உள்ளே பரவியதும் மேலே கிரியோசோட். உள்ளே கிரியோசோட் எட்டாத மையத்தைப் போரேட் காக்கும், போரேட் வெளியேறாமல் கிரியோசோட் காக்கும். நாமும் சின்ன அளவில் இதையே செய்யலாம், கிரியோசோட்டுக்குப் பதிலாக ஊறும் ஸ்டெயினை மேலே வைத்து. குச்சி வடிவில் இறுக்கிய போரேட்டும் கிடைக்கிறது. பழைய ஆணி ஓட்டைக்குள் அதைப் போட்டு மரத்தக்கையால் அடைத்துவிட்டால், கட்டை நனையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேலை செய்யும்.

வெறும் மெழுகு எமல்ஷன் புதுக்கட்டைக்கு மட்டும். அறுத்த கையோடு முனையில் தடவினால் முனை மற்ற இடத்தைவிட வேகமாகக் காய்ந்து பிளப்பதைக் குறைக்கும். ஏற்கெனவே காய்ந்து வெடித்த கட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஓடுகிற ரயில் பாதையில் இருக்கும் கட்டைகளுக்கு ஏன் யாரும் மேல்பூச்சு அடித்துக்கொண்டு திரிவதில்லை என்றும் கேட்கலாம். அங்கே கட்டை சாவது உளுப்பால் மட்டும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் மரத்தை அரைத்து உள்ளே இறங்குகிறது, ஆணி ஆடி ஆடி ஓட்டை பெரிசாகிப் பிடிப்புப் போகிறது. பூச்சு இதில் எதையும் தொடாது. அதனால்தான் அங்கே காசு முழுக்கப் பாதையில் போடுவதற்கு முன்பே செலவாகிறது: உருளையில் மருந்து ஏற்றுவது, மருந்து உள்ளே இறங்க முகமெல்லாம் சின்னச் சின்னக் கீறல் போடுவது, முனை பிளக்காமல் எஸ் வடிவ இரும்புப் பட்டையோ ஆணித் தகடோ அடித்து வைப்பது. கட்டையை வைரப் பக்கம் கீழே இருக்கும்படி போடுவதும் அங்கே பழைய வழக்கம். இந்த முனைத் தகடும் கிடத்தும் முறையும் நமக்கும் பொருந்தும், ஒரு டப்பா பெயின்டைவிட நிச்சயம் உபயோகம்.

ஆக, மருந்து ஏற்றாத வன்மரமோ மென்மரமோ இருந்தால்: போரேட், ஒரு வாரம் போல மூடி வைத்துப் பரவ விடுவது, பிறகு நன்றாகக் காயவிட்டு முனைக்குக் காப்பர் நாப்தினேட், மற்ற முகங்களுக்கு ஸ்டெயின். பச்சைச் சாயல் கட்டை என்றால் அறுத்த முனைக்கும் துளைக்கும் மட்டும் காப்பர் நாப்தினேட், நிறம் வேண்டுமென்றால் மேலே ஸ்டெயின். பழைய கிரியோசோட் கட்டை என்றால் முனைக்கும் வெடிப்புக்கும் மருந்து, முகத்துக்கு எதுவும் வேண்டாம். அதன் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் சரக்கைவிட நல்லதை நம்மால் பிரஷ்ஷால் பூச முடியாது.

முதலில் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. கிரியோசோட் கட்டையைக் கை தொடும் இடத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று, உடனே எடுக்க வழியில்லை என்றால், அங்கே பூச்சின் வேலை கட்டையைக் காப்பது இல்லை, ஆளைக் காப்பது. அதற்கு மட்டும் படலம் போடும் வகை சரி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை முன்பு வெளியிட்ட அறிவுரையில் கிரியோசோட் மரத்தை மூடுவதற்கு யூரிதேன், எபாக்ஸி, ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) மூன்றையும் ஏற்றுக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியில் ஷெல்லாக் போதும், மழை படும் இடத்தில் அது நிற்காது, மற்ற இரண்டில் ஒன்றுதான். புது வெடிப்பு விட்டதா என்று அடிக்கடி பார்த்து அந்த இடத்தை மறுபடி மூட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், கீரை காய்கறி போடும் பாத்தி என்றால் மூடுவதெல்லாம் போதாது, கட்டையை எடுத்துவிடுவதுதான் வழி. எடுத்த கட்டையை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கக் கூடாது, அந்தப் புகை விஷம்.

பூசும் முறையில் இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். வெடிப்பைச் சிலிக்கான் வைத்தோ மக்கு வைத்தோ அடைக்காதீர்கள். அடுத்த வெயிலில் ஒரு ஓரம் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் அந்த ஓரமாக இறங்கி, அடைப்புக்கு அடியில் தங்கும். வளைந்த கம்பியால் வெடிப்புக்குள் இருக்கும் மண்ணையும் மக்கிய இலையையும் நோண்டி எடுத்து, காய விட்டு, பிதுக்கும் வாயுள்ள பாட்டிலில் காப்பர் நாப்தினேட்டை நிரப்பி வெடிப்பின் நீளத்துக்கு மெதுவாக ஊற்றுங்கள், குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள், நின்றதும் நிறுத்துங்கள். முடிந்தால் அதற்குப் பிறகு கட்டையைப் புரட்டி, பெரிய வெடிப்பு கீழே பார்க்கும்படி போடுங்கள், அடியில் மண்ணுக்குப் பதில் ஒரு கை ஜல்லி. இன்னொன்று, மழை விட்ட மறுநாள் பூசாதீர்கள். ஈரமான மரம் எண்ணெயைக் குடிக்காது, போரேட் மட்டும்தான் ஈரத்தை விரும்பும்.

மறுகோட் எப்போது என்று தெரிய மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் வேலை செய்கிறது, உடனே பரவி நிறம் மாறினால் நேரமாகிவிட்டது. முனைகளை மட்டும் இந்தச் சோதனைக்குக் காத்திராமல் முன்னதாகவே ஒரு முறை நனைத்துவிடலாம்.

இதையெல்லாம் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கட்டையிடம் போங்கள். ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில், முனையில், பெரிய வெடிப்பின் ஓரத்தில், அடியில் மண் தொடும் விளிம்பில் என்று அழுத்திக் குத்துங்கள், சுத்தியலால் தட்டியும் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று சத்தம் கொடுக்கும், குத்தினால் நார் நாராகப் பிளக்கும். பொத்தென்ற சத்தம் வந்து, ஸ்க்ரூடிரைவர் ஓரிரு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டைக்கு எந்த டப்பாவும் வாங்க வேண்டாம், மாற்றுக்கட்டை பாருங்கள்.